சுவரிலிருந்து தொடங்கும் கோடு

தெருவை அளக்க வருகிறவர்களைப் பெரும்பாலும் விடியற்காலையில்தான் பார்க்க முடியும். முக்காலியின் மேல் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நிறுத்தி ஒருவர் கண்ணைப் பொருத்தியிருப்பார். எதிரே ஐம்பது மீட்டரில் இன்னொருவர், பிரிசம் பொருத்திய கம்பைப் பிடித்துக்கொண்டு, கடையின் படி, மரத்தின் தூர், மேன்ஹோல் மூடி, மின்பெட்டியின் மூலை, வடிகாலின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். கம்பு நின்ற இடத்துக்கெல்லாம் மூன்று எண்கள் பதிவாகும்: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு. அரை கிலோமீட்டர் கடைத்தெருவுக்கே இப்படி ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்துவிடும். பால் பாக்கெட் இறக்கிக்கொண்டிருக்கும் கடைக்காரர் கட்டாயம் கேட்பார்: “என்ன சார், ரோட்டை அகலம் பண்ணப் போறீங்களா?”

அவர் கேட்பதில் தவறில்லை. தெருவை மேம்படுத்துவது என்றால் அகலப்படுத்துவது என்றும், அகலப்படுத்துவது என்றால் வண்டி ஓடும் பகுதியைப் பெரிதாக்குவது என்றும் மூன்று தலைமுறையாக நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பொறியாளர்களும் அப்படித்தான் பழகினார்கள். புள்ளிகளெல்லாம் கணினித் திரையில் விழுந்த பிறகு அவர்கள் போடும் முதல் கோடு தெருவின் நடுக்கோடு. அதிலிருந்து இரண்டு பக்கமும் வண்டிகளுக்கான அகலத்தை அளந்து வைப்பார்கள். அதன் பிறகு சுவர் வரைக்கும் மிஞ்சுவது எதுவோ, அது நடைபாதை.

இந்த வழக்கத்தின் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். சுவருக்குச் சுவர் 18 மீட்டர் உள்ள கடைத்தெரு ஒன்று. நடுக்கோட்டிலிருந்து தொடங்கினால் வண்டிகளுக்கு 14 மீட்டர் போய்விடும். பக்கத்துக்கு 2 மீட்டர் மிச்சம். அந்த இரண்டு மீட்டருக்குள் மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, கடையின் படிக்கட்டு, மழைநீர் வடிகாலின் மூடி எல்லாமே இடம் தேடும். கடைசியில் மனிதருக்குக் கிடைப்பது அறுபது சென்டிமீட்டர், அதுவும் தொடர்ச்சியாக இல்லை. அவர் இறங்கி ரோட்டில் நடக்கிறார். நாம் அவரைக் குறை சொல்கிறோம்.

இதே தெருவைச் சுவரிலிருந்து வரையத் தொடங்குங்கள். கடைவாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு மீட்டர். அதை அடுத்து எதுவும் குறுக்கிடாமல் நடக்க இரண்டரை மீட்டர். அதற்கப்பால் மரம், கம்பம், மின்பெட்டி, பெஞ்சு, வண்டி நிறுத்தும் இடைவெளி எல்லாம் வரிசையாக நிற்க இரண்டு மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஐந்தரை, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினொன்று. மிச்சம் ஏழு மீட்டர், போக ஒன்று வர ஒன்று என இரண்டு தடங்கள். சுவரும் அதேதான், பதினெட்டு மீட்டரும் அதேதான். முதல் கோடு விழுந்த இடம் மட்டும் மாறியிருக்கிறது.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நடைபாதை நெறிமுறை, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடந்து போக 1.8 மீட்டர் தேவைப்படும். 2.2 மீட்டர் என்பது நெட்டையான ஒருவர் குடையை விரித்துக்கொண்டு போனாலும் பெயர்ப்பலகையில் இடிக்காத உயரம். எண்கள் வறண்டவையாகத் தெரியும்; ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் உடம்பின் அளவு இருக்கிறது.

“பதினாலு மீட்டரை ஏழாக்கினால் நெரிசலில் செத்துப்போவோமே” என்பதுதான் எல்லாக் கூட்டங்களிலும் எழும் முதல் குரல். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பதில் இருக்கிறது. நகரத் தெருவில் எத்தனை வண்டிகள் கடக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது தெருவின் நடுப்பகுதி அல்ல, அதன் இரண்டு முனைகளிலும் உள்ள ஜங்ஷன். பச்சை விளக்கு எரியும்போது ஒரு தடத்திலிருந்து மணிக்குச் சுமார் 1,800 கார்கள் என்ற வேகத்தில் வண்டிகள் வெளியேறும் என்பது போக்குவரத்துப் பொறியியலின் பாலபாடம். பைக், ஆட்டோ, பஸ் எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்றித்தான் கணக்கிடுவார்கள். பச்சை பாதி நேரம்தான் எரிகிறது என்றால் அந்தத் தடத்தின் கொள்ளளவு 900. நடுவில் தெருவை எவ்வளவு விரித்தாலும் இந்த எண் ஏறாது. புனலின் வாயைப் பெரிதாக்கினால் குழாயில் இறங்கும் எண்ணெய் கூடுமா? தவிர, கடைத்தெருவில் பதினாலு மீட்டரும் ஓட்டத்துக்கா கிடைக்கிறது? இரண்டு பக்கமும் நிறுத்திய வண்டிகள், இறக்கும் லோடு, திரும்பக் காத்திருக்கும் ஆட்டோ. எண்ணிப் பார்த்தால் ஓடுகிற அகலம் ஏற்கெனவே ஏழெட்டு மீட்டர்தான்.

இந்தக் கணக்கு காகிதத்தை விட்டுத் தெருவுக்கு வந்ததைச் சென்னைக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை ஏற்றது; தன் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அதில் எழுதிக்கொண்டது. தி. நகர் தியாகராய சாலையில், நாமெல்லாம் பாண்டி பஜார் என்று அழைக்கும் பகுதியில், நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சோதனை நடத்தினார்கள். வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கான்கிரீட் போட்ட பிறகு தவறைத் திருத்தக் கோடிகள் வேண்டும். தடுப்பையும் கயிற்றையும் ஓர் இரவில் நகர்த்திவிடலாம். வண்டிகள் எங்கே தேங்குகின்றன, சரக்கு எங்கே இறங்குகிறது, கூட்டம் எந்த இடத்தில் தெருவைக் கடக்கிறது என்பதையெல்லாம் தெருவே சொல்லிவிடும். வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சும் கடைக்காரர் தன் கண்ணாலேயே பார்த்து முடிவுக்கு வரலாம்.

மேலே தெரிவதை வரைவது பாதி வேலைதான். மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது, அங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் இடறுகின்றன. குடிநீர்க் குழாய் ஒரு துறை, பாதாளச் சாக்கடை ஒரு பிரிவு, மழைநீர் வடிகால் வேறு, மின்கேபிள் வேறு, தொலைபேசி, இணையக் கேபிள்கள் தனித்தனி நிறுவனங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வரைபடம் இருக்கும். அத்தனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே இடத்தில் மூன்று குழாய்கள் போகும், அல்லது எதுவுமே போகாது. நிலத்துக்குள் ரேடியோ அலை அனுப்பி எதிரொலியைப் படிக்கும் ரேடார் கருவி கொஞ்சம் உதவும். ஆனால் நம் கடலோர ஊர்களின் ஈரக் களிமண்ணில் அந்த அலை வேகமாக மங்கிவிடும். ஆகவே சந்தேகமுள்ள இடங்களில் சோதனைக் குழி வெட்டியே ஆக வேண்டும்.

ஓர் இரவு அப்படியொரு குழியின் விளிம்பில் நின்றிருந்தேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வாய். இயந்திரம் இல்லை; கடப்பாரையையும் மேல்தாரோடு நிறுத்திவிட்டார்கள். கீழே இறங்கியிருந்த மேஸ்திரி மண்வெட்டியைப் படுக்கவைத்துச் சீவிச் சீவி எடுத்தார். முதலில் தார், அடுக்கடுக்காக. அந்தத் தெருவில் எத்தனை முறை தார் போட்டார்கள் என்று மரத்தின் வளையத்தை எண்ணுவதைப்போல எண்ணலாம். அப்புறம் ஜல்லி, செம்மண், உடைந்த ஓடு. முக்கால் மீட்டரில் திடீரென்று சன்னமான மணல் வந்தது. “மேடம், மணல் வருது” என்றார். மேலே டார்ச் பிடித்திருந்த உதவிப் பொறியாளர் உடனே, “நிறுத்துங்கண்ணே, கையால தள்ளுங்க” என்றார். மணலைக் கையால் ஒதுக்கியதும் வரிசையாகப் படுக்கவைத்த செங்கல் தெரிந்தது. உயர் அழுத்தக் கேபிளை மணல் மெத்தையில் கிடத்தி, மேலே செங்கல் அடுக்கிவிட்டுப் போவது பழைய மின்பணியாளர்களின் வழக்கம். பின்னால் தோண்ட வருபவன் எவனென்று அவர்களுக்குத் தெரியாது. அவன் உயிருக்கு விட்டுப்போன சேதி அந்தச் செங்கல். வரைபடத்தில் அந்தக் கேபிள் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தது. அந்தப் பெண் பொறியாளர் ஆழத்தையும் சுவரிலிருந்து உள்ள தூரத்தையும் குறித்துக்கொண்டார். மறுநாள் மரக்குழிகளின் வரிசை முழுதும் நாற்பது சென்டிமீட்டர் நகர்ந்தது. அதற்காக நடக்கும் அகலத்தைக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் எடுத்துக்கொண்டார்.

பெங்களூரில் டெண்டர் ஷ்யூர் என்ற பெயரில் செய்த தெருக்களில் இந்தச் சிக்கலுக்கே நேரடியாகத் தீர்வு தேடினார்கள். குழாய்களையும் கேபிள்களையும் வண்டித் தடத்துக்கு அடியிலிருந்து எடுத்து, நடைபாதைக்குக் கீழே தனித்தனிக் குழல்களில் வரிசைப்படுத்தி, ஆங்காங்கே திறந்து பார்க்கத் தொட்டிகள் வைத்தார்கள். பிறகு கேபிள் போட வருபவர் ரோட்டை வெட்ட வேண்டியதில்லை. செலவு கூடுதல் என்று விமர்சனம் வந்தது. ஒவ்வொரு ஆண்டும் வெட்டி மூடும் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

வெட்டி மூடிய இடம் ஏன் எப்போதும் பள்ளமாகிறது? நம்மில் பலர் ஊழல் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்கடியில் ஓர் எளிய அறிவியல் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய ரால்ஃப் பிராக்டர், மண் அணைகளைக் கட்டும்போது கண்டதை 1933இல் வெளியிட்டார். உலர்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும், இறுகாது. கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் அது உராய்வைக் குறைத்துத் துகள்களை நழுவவிட்டு நெருங்க வைக்கும். மேலும் சேர்த்தால் தண்ணீரே இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அமுங்காது, மண்ணும் இறுகாது. ஆக ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகும் ஓர் ஈரப்பதம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க அவர் வகுத்த சோதனை இன்றும் நம் ஆய்வகங்களில் நடக்கிறது: சிறு இரும்புக் குவளையில் மூன்று அடுக்காக மண், ஒவ்வொரு அடுக்குக்கும் சுமார் இரண்டரைக் கிலோ சுத்தியல் முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 25 முறை விழும்.

தெருவில் என்ன நடக்கிறது? குழாய் பதித்ததும் எடுத்த மண்ணை மொத்தமாகத் தள்ளி, மேலே தண்ணீரை ஊற்றி, லாரியை இரண்டு முறை ஓட்டிவிட்டு ஜல்லி போடுகிறார்கள். மேல் இருபது சென்டிமீட்டர் இறுகியிருக்கும். கீழே பொலபொலவென்று கிடக்கும். தளர்ந்த மண் பத்தில் ஒரு பங்கு அமுங்கினாலே ஒரு மீட்டர் ஆழப் பள்ளம் பத்து சென்டிமீட்டர் இறங்கிவிடும். நல்ல வடிவமைப்பாளர் இதற்காகவே மதிப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்: பதினைந்து, இருபது சென்டிமீட்டர் அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கி, சோதித்த பிறகே அடுத்த அடுக்கு. அந்த வரி இல்லாத டெண்டரில் ஒப்பந்ததாரரைத் திட்டிப் பயனில்லை. எழுதாத வேலைக்கு அவருக்குப் பணமும் கிடையாது.

தண்ணீருக்கு வருவோம். தி. நகரில் இதைப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பகுதியே மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவானது. ஏரி போய் ஏறத்தாழ நூறாண்டு ஆகிவிட்டது. தரை மட்டும் இன்னும் ஏரியின் மடியாகவே இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் அந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மேலே சொன்ன 18 மீட்டர் தெருவில் 550 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டால் பரப்பு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டுகிறது. தாரும் கல்லும் பாவிய தெருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஓடியே ஆக வேண்டும். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 150 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியை எண்பது விநாடியில் நிரப்பும் வேகம் இது. இரண்டு பக்கக் கட்டடங்களின் மொட்டை மாடி நீரை இன்னும் சேர்க்கவே இல்லை.

இந்த நீரை வடிகாலுக்குக் கொண்டுசேர்க்க, தெருவின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுமார் இரண்டரை விழுக்காடு சரிவு தருவார்கள். ஏழு மீட்டர் தடத்தில் அது ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவான மேடு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். நீளவாக்கில் இன்னும் நுணுக்கம். ஐந்நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் போதும் என்றாலும், தட்டையான ஊரில் அந்த ஒரு மீட்டரை எங்கே தேடுவது? அதனால்தான் அந்த விடியற்காலையில் கம்பு பிடித்தவர் ஒவ்வொரு கடைப்படியையும் தொட்டார். தெருவின் முடிவு மட்டம் எல்லாப் படிகளுக்கும் கீழே இருந்தாக வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே நாலு சென்டிமீட்டர் போட்டால் நாலே முறையில் ஒரு படிக்கட்டின் உயரம் ஏறிவிடும். வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடும். தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு 2021 மே மாதம், பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது இதனால்தான்.

தெருமுனையின் வளைவு சிறிய விஷயமாகத் தோன்றும். நான் அதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மூலையில் நடைபாதையின் விளிம்பை 12 மீட்டர் ஆரத்தில் வளைக்கலாம், 4 மீட்டரிலும் வளைக்கலாம். திரும்பும் வண்டிக்காரர் தாங்கிக்கொள்ளும் பக்கவாட்டு இழுப்பு புவியீர்ப்பில் கால் பங்கு என்று கொண்டால், 12 மீட்டர் வளைவில் அவர் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் திரும்புவார். 4 மீட்டரில் 11. போலீஸ்காரர் வேண்டாம், அறிவிப்புப் பலகை வேண்டாம், கல்லே பிரேக் பிடிக்கிறது. பஸ் திரும்ப வேண்டிய மூலையென்றால் அதன் பின்சக்கரம் போகும் பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் விரிப்பார்கள். பஸ்ஸே வராத சந்துக்கும் அதே பெரிய வளைவைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேர்த் தெருவிலும் வேகம் அப்படித்தான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவர் குழந்தை குறுக்கே ஓடுவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 14 மீட்டர் போயிருக்கும். நிற்க மேலும் அதே அளவு. 30 கிலோமீட்டரில் வருபவர் மொத்தமே 13 மீட்டரில் நின்றுவிடுவார். முதலாமவரின் கால் பிரேக்கைத் தொடும் இடத்தை எட்டுமுன்பே இரண்டாமவரின் வண்டி நின்றிருக்கும்.

கடக்கும் தூரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளும் நடைவேகம். 14 மீட்டரைக் கடக்க அப்படி நடப்பவருக்கு 12 விநாடி. கோல் ஊன்றி 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் பாட்டிக்குப் பதினேழரை. அந்தப் பதினேழரை விநாடி முழுதும் அவர் வண்டிகளின் நடுவே இருக்கிறார். ஏழு மீட்டரில் அது ஒன்பது விநாடிக்குள் முடிந்துவிடும். பார்வையற்றவர்களுக்கான மேடிட்ட ஓடுகளை ஜப்பானியரான செய்யிச்சி மியாகே 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒகாயாமா நகரத் தெருவில் முதலில் பதித்தார்கள். கோடுகள் வந்தால் நட, புள்ளிகள் வந்தால் நில் என்பது அதன் மொழி. நம் ஊர்களில் அந்தக் கோடு நேராகப் போய்க் கம்பத்தில் முட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கம்பத்தின் வரைபடத்தை ஒருவரும் ஓட்டின் வரைபடத்தை வேறொருவரும் தனித்தனியே வரைந்ததன் விளைவு அது.

எல்லாக் கோடுகளும் இணங்கிய பிறகு விரிவான வரைபடம், அளவுப் பட்டியல், மதிப்பீடு, டெண்டர் எல்லாம் வரிசையாக நடக்கும். அவற்றின் அலுவலக நடைமுறையை இங்கே விரிக்கப் போவதில்லை. வேலை தொடங்கும் நாளில் பொறியாளர் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து, கடைச்சுவர்களில் ஒரு சிறு கோடும் ஓர் எண்ணும் எழுதிக்கொண்டே போவார். அதுதான் தெருவின் முடிவு மட்டம். கல் பதிப்பவர் நூல் கட்டுவது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து, சோதனைக் குழியில் டார்ச் பிடித்த அதே பொறியாளரை முடிந்த தெருவில் பார்த்தேன். கையில் டேப்பும், பக்கத்து டீக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு குடம் தண்ணீரும் இருந்தன. நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளத்தை முதலில் அளந்தார்: விளிம்புக் கல் 15 சென்டிமீட்டர் உயரம், பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு, ஆகவே நீளம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். இருந்தது. பிறகு குடத்தைச் சாய்த்துச் சாய்தளத்தின் அடியில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் வடிகாலின் வாயை நோக்கிக் கொஞ்சம் ஓடி, பாதியில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் இறங்கும் இடம் அது. “அண்ணே, இந்த ரெண்டு கல்லையும் எடுத்துத் திரும்பப் பதிச்சிடுங்க” என்றார் மேஸ்திரியிடம். மேஸ்திரி குனிந்து தேங்கிய நீரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, உளியை எடுக்கப் போனார்.